குளக்கரைக்கு இரும்பு பெஞ்சா, கல் பெஞ்சா?

செங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் குளக்கரையில் முதலில் போட்டது நான்கு இரும்புக் குழாய் பெஞ்சுகள். மூன்றே வருடத்தில் ஒன்று திருட்டுப்போனது, இன்னொன்று இற்று விழுந்தது. அந்த இரண்டு இடத்திலும் இப்போது கருங்கல் பெஞ்சுதான். என் ஓட்டும் கல்லுக்கே.

இரும்பு லேசு, சாய முதுகு உண்டு, பட்டறையில் சொன்னால் இரண்டு நாளில் வந்துவிடும். சிமென்ட் பெஞ்சு மலிவு. ஆனால் விளிம்பு பெயர்ந்து உள்ளிருக்கும் கம்பிக்கு ஈரம் எட்டினால், துரு உப்பி மீதியையும் வெடிக்க வைத்துவிடும்.

எனக்கு முடிவைச் சொன்னது பழைய இரும்புக் கடைதான். எடைக்குப் போட்டால் காசு வரும் எதுவும் ராத்திரியில் குளக்கரையில் தங்காது. எங்கள் பெஞ்சை 12 எம்.எம். ஆங்கர் போல்ட்டில் இறுக்கியிருந்தோம். 19-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், ஐந்து நிமிட வேலை. காலையில் போய்ப் பார்த்தால் நான்கு போல்ட்டும் தரையில் நட்டமாக நிற்கின்றன, பெஞ்சைக் காணோம்.

கல்லுக்கு அந்தக் கடையில் விலையே கிடையாது. ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குல கனத்தில் ஒரு பலகைக்கல் சுமார் 140 கிலோ. "அண்ணாச்சி, இதத் தூக்க நாலு ஆளும் கடப்பாரையும் வேணும். தூக்கிட்டுப் போனாலும் எவன் வாங்குவான்?" என்றார் கொத்தனார். இரண்டு கால், மேலே ஒரு பலகை. திருவிதாங்கூர்ச் சாலைகளில், தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல் நின்ற அதே அமைப்பு.

இற்றுப்போன பெஞ்சின் கதை வேறு. ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும், வாரக்கணக்கில் ஈரம் காயாது. மேலே பெயின்ட் புதுசு மாதிரியே இருந்தது. கால் தரையைத் தொடும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். தகடு அப்பளமாக நொறுங்கி, உள்ளிருந்து செந்தண்ணீர் வடிந்தது. போல்ட் ஓட்டை வழியாகக் குழாய்க்குள் இறங்கிய தண்ணீர் உள்ளிருந்தே தின்றிருக்கிறது. வெளியே எத்தனை கோட் அடித்து என்ன?

கல்லிலும் வேலை இருக்கிறது. முதல் கல்லைச் சும்மா கலவை வைத்து உட்கார்த்தியதில், மழையில் கரைமண் அமுங்கிப் பலகை ஆடத் தொடங்கியது. குழந்தைகள் ஏறும் இடம் என்பதால் பயந்துபோனோம். கல் கால்களை ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட்டில் நிறுத்தி, காலிலும் பலகையிலும் துளையிட்டுக் கம்பி சொருகி மறுபடி வைத்தோம். மேற்பரப்புக்குப் பாலிஷ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். பொளிந்த கல், தண்ணீர் வடிய லேசான சரிவு, சாரல் மாதங்களில் பாசியைத் தேய்க்க ஒரு தென்னநார் பிரஷ், அவ்வளவுதான். மத்தியான வெயிலில் கல் சுடும். பக்கத்தில் புங்கை வைத்திருக்கிறோம்.

எவர்சில்வர் பெஞ்சு ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, பராமரித்த அனுபவம் இல்லை. துருத் தொல்லை குறையலாம். எடைக்கடையில் அதற்கும் விலை உண்டு.

மிச்சமிருக்கும் இரண்டு இரும்பு பெஞ்சுகளை எடுக்கவில்லை. முதுகு சாயாமல் உட்கார முடியாத பெரியவர்கள் கோயில் பக்கம் வருகிறார்கள். நட்டைப் போல்ட்டோடு வெல்டு வைத்து, ஓட்டைகளை அடைத்து, மே மாதம் ரெட் ஆக்சைடு அடித்துவிடுகிறோம்.