பேரக் கடையா, பற்றுக் கடையா?

‘கையில் காசில்லாதவன் ஏமாற்றுவான்’ என்று சொல்வதுண்டு. அது சரியா என்று இரண்டு வகைக் கடைகளை வைத்துப் பார்க்கிறேன். கன்னியாகுமரி கடற்கரையில் பாசிமாலை, சங்கு, கலர் மணல் விற்கும் கடைகளில் வாங்குபவரின் தோற்றத்தைப் பார்த்துத்தான் பல நேரம் விலை சொல்கிறார்கள். காரில் வந்து இறங்குபவருக்கு ஒரு விலை, பஸ்ஸில் வருபவருக்கு ஒரு விலை. ‘இவருக்கு நூறு ரூபாய் ஒரு காசா?’ என்று விற்பவர் நினைக்கிறார். ‘எப்படியும் ஏமாற்றுவார்கள்’ என்று வாங்குபவர் பாதி விலைக்குக் கேட்கிறார். ஐயப்ப சீசன் போனால் வியாபாரமும் படுத்துவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

அதே மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்து பலசரக்குக் கடை வேறு மாதிரி; அது கடனை நோட்டில் எழுதி வைக்கும் பற்றுக் கடை. மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும், கூலியும் கிடையாது. அப்போதும் அண்ணாச்சி நோட்டில் எழுதிவிட்டு அரிசி தருவார், வேலை தொடங்கியதும் பாக்கி வந்துவிடும்.

ஆக, கையில் காசில்லாதவன் ஏமாற்றுவான் என்பதை நான் ஏற்கவில்லை. மறுபடி முகம் பார்க்க வேண்டியிராத இடத்தில், அதுவும் வசதியில் பெரிய இடைவெளி தெரியும்போது, பொய் எளிதாகிறது. ஆனால் முன்பின் தெரியாதவர்களிடமும் நேர்மை உண்டு. 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை, யாரோ தொலைத்தது என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான நாடுகளில் பணம் இல்லாத பர்ஸ்களைவிடப் பணம் இருந்த பர்ஸ்களுக்கே உரியவரை அதிகம் பேர் தொடர்பு கொண்டார்கள்.

பற்றுக் கடையிலும் குறை உண்டு: நோட்டு கடைக்காரர் கையில், கடன் தீராமல் வேறு கடைக்குப் போக முடியாது. அரிசிக்கு எனக்கு அதுதான் சரி. சங்குக்கு, மூன்று கடை ஏறி விலை கேளுங்கள்.