சுங்குடிச் சேலையும் பதின்மூன்று இட எண்ணும்: ஸ்பீடு போஸ்ட் கண்காணிப்புச் சேவை

மதுரையிலிருந்து புனேயில் இருக்கும் தங்கைக்கு இரண்டு சுங்குடிச் சேலைகளை ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். கவுன்டரில் கொடுத்த ரசீதில், பார்கோடுக்கு அருகே 13 இடங்கள் கொண்ட கண்காணிப்பு எண் இருந்தது. தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் 9 இலக்கங்கள், முடிவில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ.என்.’ என்பது உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த அமைப்பு. முதலெழுத்து ‘ஈ’ என்றால் விரைவு அஞ்சல், ‘ஆர்’ என்றால் பதிவு அஞ்சல். ஒன்பதாவது இலக்கம், முந்தைய எட்டையும் கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் பெரும்பாலும் அந்த எண் செல்லாததாகிவிடும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த எண்ணை அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டால், பார்சல் எங்கே இருக்கிறது என்று திரையில் தெரியும். அதில் பலரையும் கலங்க வைப்பது ‘ஐட்டம் பேக்டு’ (Item Bagged) என்ற வரிதான். நம் பார்சலை மற்றவற்றோடு சேர்த்து அஞ்சல் பையில் இட்டுக் கட்டிவிட்டார்கள் என்பதே அதன் பொருள். அந்தப் பை அடுத்த நிலையத்தில் பிரிக்கப்பட்டு, பார்கோடு மீண்டும் ஸ்கேன் செய்யப்படும் வரை திரையில் புதிய தகவல் வராது. எங்கள் பார்சலுக்கும் அப்படி ஒன்றரை நாள் அமைதி நிலவியது. அம்மா மணிக்கொரு முறை விசாரித்துக்கொண்டே இருந்தார். பிறகு புனே வந்து சேர்ந்ததும், விநியோகத்துக்கு எடுத்துச் சென்றதும் அடுத்தடுத்துத் தெரிந்தன. முன்பு ஒரு தனியார் கூரியரில் பட்ட அலைச்சலுக்கு இது எவ்வளவோ மேல். ரசீதின் அச்சு மங்கக்கூடும் என்பதால், வாங்கியவுடன் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.