ரோல்பிளே கேம்ல பாஷை ரூல்: ஆறு வருஷம் ஆடிப் பாத்த பெறவு

மார்த்தாண்டத்துல ஒரு கூட்டுக்காரன் வீட்டு மாடியில அஞ்சு பேரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆடுறோம், ஆளாளுக்கு ஒரு கதாபாத்திரம் எடுத்து ஒரு கதைக்குள்ள ஆடுற வெளையாட்டு. மொத நாலு வருஷம் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) அஞ்சாம் எடிஷன், இப்ப ரெண்டு வருஷமா கர்ப்ஸ்னு இன்னொரு கேம். சண்டை மந்திரம் பத்தியெல்லாம் ஆளாளுக்கு எழுதியாச்சு, எனக்கு பாஷையப் பத்தித்தான் சொல்லணும்.

அஞ்சாம் எடிஷன்ல ஒரு பாஷை ஒண்ணு தெரியும், இல்ல தெரியாது, அவ்வளவுதான். தமிழும் மலையாளமும் கலக்குற கேரள எல்லை களியக்காவிளையில அஞ்சு நிமிஷம் பஸ்ஸுக்கு நின்னவன் எவனும் இத ஒத்துக்கிட மாட்டான். என் ஆளுக்கு ஆரம்பத்துலயே தேவதைங்க பேசுற சில்வன் பாஷை எடுத்தேன், ரெண்டு வருஷம் அதப் பேச ஒரு தேவதையும் எட்டிப் பாக்கல. சரி குள்ளர் பாஷை படிப்போம்னு பாத்தா 2014 ரூல் புக்குல 250 நாள், நாளைக்கு ஒரு தங்கக்காசு. எங்க கதையில சேந்தாப்ல மூணு நாள் எவனும் சும்மா இருந்ததில்ல மக்கா! 2017ல வந்த ஸானதார்ங்கிற கூடுதல் ரூல் புக்குல அது பத்து வாரம், வாரத்துக்கு 25 காசு, புத்தி ஜாஸ்தின்னா வாரம் இன்னும் கொறயும். ஆனா கடைசி நாள் வரைக்கும் ஒரு சொல்லு தெரியாது, மறுநாள் காலைல குள்ளன் கணக்கா பொளந்து கட்டுவான்.

காம்ப்ரிஹென்ட் லாங்குவேஜஸ்னு மொத லெவல் மந்திரம் ஒண்ணு இருக்கு, போட்டா ஒரு மணிக்கூர் எல்லாம் புரியும், பதிலுக்குப் பேச மட்டும் முடியாது. ஆனா நேர் அர்த்தம்தான் கெடைக்கும், கதைய நடத்துற எங்க ஜிஎம் (கேம் மாஸ்டர்) அதப் புடிச்சுக்கிட்டாரு. காப்ளின்னு ஒரு குட்டிப் பூதம் "தலைவருக்கு கண்ணு பட்டுட்டு"ன்னு அழுவுது, மந்திரவாதி கண்ணுல அம்பு பட்டுட்டுன்னு நெனச்சு மருந்தோட ஓடுறான்.

அதவிட பெரிய தொல்லை, ஒருத்தனுக்கு மட்டும் எல்ஃப்ங்கிற கற்பனை இனத்துக்க பாஷை தெரிஞ்சா ஜிஎம் அவனக் கூட்டிட்டு மாடிப்படிக்குப் போவாரு, மத்தவனெல்லாம் போன நோண்டுவான். கடுப்பாகி ஒருநாள் எல்ஃப்புக்கு மலையாளமே பேசிட்டாரு. அது கொள்ளாம்! எனக்கு முக்கால்வாசி புரியும், ஆனா கதையில என் ஆளு அன்னைக்கு மயக்கத்துல கெடந்தான், வாயத் தொறக்கக்கூடாது. "கள்ளன்மார் இன்னலெ வந்நு"ன்னு எல்ஃப் சொல்லுது, திருநெல்வேலிக்காரன் அத இன்னைக்கு வாறானுவன்னு எடுத்துக்கிட்டான், இன்னலென்னா நேத்து. ராத்திரி பூரா புதருக்குள்ள பதுங்கிக் கெடந்தானுவ, நான் சிரிப்ப அடக்கி வயிறு வலிச்சுப் போச்சு.

கர்ப்ஸ்ல இதுக்கு ரூலே இருக்கு. தெரியாது, அரைகொறை, வேத்தாளு வாடையோட, தாய்மொழி மாதிரின்னு நாலு படி, பேச்சு தனி எழுத்து தனி, ரெண்டும் முழுசா வேணும்னா, ஆள உருவாக்கக் கெடைக்குற பாயிண்ட்ல 6 போவும். எனக்க பாட்டி மலையாளம் வெள்ளமாப் பேசும், திருவனந்தபுரம் பஸ் போர்டு ஒரெழுத்து வாசிக்கத் தெரியாது. கர்ப்ஸ் கணக்குல பேச்சுக்கு 3, எழுத்துக்கு சைபர். டி அண்ட் டில பாட்டிய எங்க கொண்டு வைக்க?

கொறையும் உண்டு. ஒரு பாயிண்டுக்கு 200 மணிக்கூர் படிக்கணும், அதுக்கு கணக்கு எழுதணும். மூணு வாரம் எழுதுனோம், நாலாவது வாரம் நோட்டக் காணல.