வாரண்டி முடிந்ததும் காரை எங்கே விடுவது? திருநெல்வேலிப் பக்கத்துக்கு ஓர் அலசல்

கார் வாங்கிய முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு யாருக்கும் குழப்பம் இருக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரும், காலையில் வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் எடுத்து வருவோம். வாரண்டி முடிகிற நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம் கிளம்பும். "இனிமே எதுக்கு அங்க கொண்டுபோய்க் காசைக் கொட்டணும், நம்ம அண்ணாச்சிகிட்ட விட்டா பாதிக் காசுல முடிச்சிருவாவ" என்பார் ஒருவர். "கண்ட எடத்துல விட்டு வண்டியக் கெடுத்துராதீய" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நம் பக்கத்து வண்டிகளைக் கெடுப்பது வெயில், தேரி மணல், கடலோர உப்புக்காற்று, டவுனுக்கும் பாளைக்கும் இடையே ஓடும் குட்டி ஓட்டம், மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பது ஆகியவைதான். இவற்றில் பாதிக்கு மேல் எந்த ஒர்க் ஷாப்பிலும் சரியாகாது. சொந்தக்காரர் கையில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஒப்பீட்டில் மூன்றாவதாக நம் கையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கம்பெனி சர்வீஸா, பழகிய மெக்கானிக்கா?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனியை விடாதீர்கள். உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்த வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. சொந்தக்காரர் வண்டிக்கு வெளியே வேலை பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அதே உத்தரவில் சொன்னது. அந்த வழக்கு பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. கியர்பாக்ஸ் போய் நிற்கிற நேரத்தில் ஒரு சாதாரண சொந்தக்காரர் அந்த உத்தரவைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது. சர்வீஸ் புத்தகத்தில் தேதி தவறாமல் சீல் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

வாரண்டி முடிந்த பிறகு என் தேர்வு நல்ல மெக்கானிக்தான். கம்பெனியில் நம்மிடம் பேசுகிற அட்வைசர் ஒருவர், பானெட்டைத் திறக்கிறவர் இன்னொருவர். "பிரேக் பிடிச்சா இடது பக்கம் லேசா கிர்ருங்குது" என்று நாம் சொன்னது ஜாப் கார்டில் "பிரேக் செக்" என்று சுருங்கி உள்ளே போகும். மெக்கானிக் நம்மோடு வண்டியில் ஏறி ஒரு சுற்று ஓட்டி அந்தச் சத்தத்தைத் தானே கேட்பார். கம்பெனியில் முழு செட்டாக மாற்றும் இடத்தில் அவர் தேய்ந்த புஷ்ஷை மட்டும் மாற்றுவார். பழைய வண்டிக்கு இது பெரிய மிச்சம்.

கம்பெனி பில்லிலிருந்து நான் எப்போதும் நீக்கச் சொல்கிற வேலைகள் உண்டு. எஞ்சின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம், டெஃப்லான் கோட்டிங், டீகார்பனைசிங். கம்பெனி தரும் உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக்கிடமும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் ஆயில் வேண்டாம். சீல் உடைக்காத கேனை நாமே வாங்கிக் கொடுக்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு முட்டுக் கொடுக்கிறாரா என்றும் பாருங்கள். தன் உயிருக்கே ஸ்டாண்டு வைக்காதவர் நம் வண்டியின் போல்ட்டை எந்த அளவுக்கு முறுக்க வேண்டும் என்று யோசிப்பாரா?

பல மெக்கானிக்குகள் கேட்காமல் செய்யாத வேலை பிரேக் ஆயில் மாற்றுவது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். சமதரையில் தெரியாது. மாஞ்சோலையிலிருந்தோ காரையாறிலிருந்தோ இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சாய் உள்ளே போகும். பல கார்களின் கையேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கும். நீங்களே கேட்டு மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும்.

புதிய புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6 டீசல், ஆட்டோமேட்டிக் கியர், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்கு எரிவது, ரீகால் அறிவிப்பு (குறை சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஆகியவற்றுக்கு எத்தனை வருடமானாலும் கம்பெனிதான், அல்லது அந்த வண்டிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க் ஷாப். பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நான்குவழிச் சாலையில் கொஞ்ச நேரம் விடாமல் ஓடினால்தான் சூடேறி அந்தக் கரி எரியும். பள்ளிக்கூடம், மார்க்கெட், ஜங்ஷன் என்று மட்டுமே ஓடுகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அப்படி ஓட்டுகிறவர்கள் டீசலே வாங்காமல் இருப்பது நல்லது.

ஆயில்: மெல்லியதா, கெட்டியா?

இந்தச் சண்டை எல்லா ஒர்க் ஷாப்பிலும் நடக்கிறது. புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேட்டில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். மெக்கானிக் அதைக் கையில் ஊற்றிப் பார்த்து, "இது தண்ணி மாதிரில்லா இருக்கு, நம்ம வெயிலுக்குத் தாங்காது" என்று 20டபிள்யூ-50 கேனை எடுப்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கணக்கு அப்படி இல்லை. முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போதுள்ள ஓட்டத்தைக் குறிக்கிறது, இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மையை. வெளியே பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியோ, சாரல் நாளின் 25 டிகிரியோ, உள்ளே தெர்மோஸ்டாட் எஞ்சினை ஏறக்குறைய 90 டிகிரியில்தான் வைத்திருக்கும். அந்தச் சூட்டுக்கும், பாகங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளிக்கும் ஏற்பத்தான் ஆயில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் மைலேஜ் குறையும், ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் அது எஞ்சினின் மேல்பாகத்தை எட்டவும் தாமதமாகும். கையேட்டில் இருப்பதையே ஊற்றுங்கள். ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கு மட்டும், கையேடு அனுமதிக்கிற கிரேடுகளில் அடுத்த கெட்டியைப் பார்க்கலாம்.

மினரலா, சிந்தெடிக்கா என்றால், கையேடு சிந்தெடிக் கேட்டால் சிந்தெடிக். சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டருக்குள்தான் பிடிக்கும். அதில் மிச்சம் பிடிப்பது வீண்.

10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குச் சொல்வார்கள். "நாலாயிரம்தான் ஓடியிருக்கு" என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குட்டி ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவே குறைவாக ஓடுகிற வண்டிக்குக் காலண்டர்தான் கணக்கு. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மண்ணில் ஓடுகிறவர்கள் கையேட்டில் "கடினமான சூழல்" அட்டவணையைப் பாருங்கள். ஏர் ஃபில்டரை அதன்படி சீக்கிரமே மாற்ற வேண்டும்.

ரேடியேட்டரில் கூலண்டா, தண்ணீரா?

ராதாபுரம், வள்ளியூர் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கெட்டிலில் படிகிற அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களிலும் படியும், அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். கூலண்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. அதன் நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு என்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி இல்லை. கேனில் "கலந்தது" என்றிருந்தால் அப்படியே ஊற்றலாம். கெட்டிக் கூலண்ட் என்றால் சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். நாங்குநேரி தாண்டி வழியில் சூடேறி நின்றால், ஆறும்வரை காத்திருந்து குடிதண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேரலாம், தவறில்லை. வந்ததும் அதைக் கழித்துவிட்டுக் கூலண்ட் நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை யார் சொன்னாலும் திறக்காதீர்கள், முகத்தில் பீய்ச்சி அடிக்கும். தரையில் சிந்தியதைக் கழுவி விடுங்கள். அது இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் பிழைக்காது.

டயரில் நைட்ரஜனா, சாதாரணக் காற்றா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. அந்த லாபத்துக்காகக் கடை தேடி அலைய வேண்டாம். நைட்ரஜன் இருக்கும் டயரில் சாதாரணக் காற்றையும் தாராளமாக ஏற்றலாம்.

காற்றின் அளவுதான் உயிர் போகிற விஷயம். "வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் கம்மியா வைங்க, இல்லேன்னா வெடிச்சிரும்" என்று பங்க்சர் கடையில் சொல்வார்கள். நேர் மாறு. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரியும், அதில் சூடு ஏறி அங்கேதான் கிழியும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் நான்குவழிச் சாலையில், மதிய வெயிலில், குடும்பம் மொத்தமும் சாமானும் ஏற்றி ஓட்டுகிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும் அளவு, வண்டி ஓடும் முன் குளிர்ந்த டயருக்கானது. முழு பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதை வையுங்கள். ஓடி வந்த டயரில் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. ஒரு கேஜ் வாங்கி வீட்டிலேயே காலையில் பார்ப்பதை எந்த சர்வீஸ் சென்டராலும் ஈடுகட்ட முடியாது. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

தரையில் படும் பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் கோட்டுக்கு வந்தால் டயரை மாற்ற வேண்டும். டயரின் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும், வெயிலில் நின்று பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்த டயர் தூரப் பயணத்துக்கு ஆகாது.

வாட்டர் வாஷா, வீட்டு வாளியா? மேல்பாகத்துக்கு வாளியே போதும், நிழலில் வைத்து, காயும் முன் துடைத்துவிட வேண்டும். உவரி, இடிந்தகரை, மணப்பாடு போய் வந்தால் மட்டும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் வாட்டர் வாஷ் கொடுங்கள். எஞ்சின் மேல் பிரஷர் பைப்பைக் காட்ட விடாதீர்கள், வயர் சாக்கெட்டுகளுக்குள் தண்ணீர் போகும்.

ஊரில் நிற்கும் கார்

பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, ஊர்வீட்டு ஷெட்டில் உறைபோட்டு நிற்கிற கார்கள் நம் பக்கத்தில் ஏராளம். அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனாலும் பலன் இல்லை. ஸ்டார்ட் செய்ய இழுத்த சார்ஜ் அந்த ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பாது, சைலன்சருக்குள் நீரும் தேங்கும். வாரம் ஒரு முறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டிவந்தால் பேட்டரி, பிரேக், டயர், ஏசி எல்லாமே பிழைக்கும். ஓட்ட ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள், டயரில் சரியான காற்று வையுங்கள், ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். வயல் பக்கத்து வீடு என்றால் எலி வயரைக் கடிக்கும், வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் படும்படி வைப்பது நல்லது. மறுபடி எடுக்கும்போது டெர்மினலில் பூத்திருக்கும் உப்பை ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையோரம் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் பார்த்தோம். வடிந்த மறுநாள் சாவியைப் போட்டுப் பார்ப்பதா, அப்படியே இழுத்துக்கொண்டு போவதா? சாவியைத் தொடவே கூடாது. பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் இருந்தால் அது சுருங்காது. ஸ்டார்ட் செய்த நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை நாமே ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்கு, பாலிசியோடு எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பு சேர்த்து வாங்கியிருக்காவிட்டால் பணம் மறுக்கப்படலாம். தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள், முடிந்தால் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, வண்டியை ஏற்றிச் செல்லும் லாரிக்குச் சொல்லுங்கள். இந்த வேலைக்கும், வாரண்டி முடிந்திருந்தாலும், இன்சூரன்ஸோடு நேரடி ஏற்பாடு இருக்கும் கம்பெனி ஒர்க் ஷாப்தான் சரி.