பெங்கலான் கெம்பாஸ் கற்களைக் காண ரந்தாவிலிருந்து ஒரு நாள் வேன் பயணம்

கடந்த பள்ளி விடுமுறையில், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எங்கள் ஊரான ரந்தாவில் இயங்கும் சிறிய சுற்றுலா வேன் சேவை ஒன்றில் தலைக்கு 65 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, மனைவியுடனும் பேரப்பிள்ளைகள் இருவருடனும் அதே மாநிலத்தின் பெங்கலான் கெம்பாஸில் நிற்கும் பழங்கால நெடுங்கற்களைப் பார்த்து வந்தேன். காலையில் கற்கள், வழியில் பகலுணவு, பிற்பகலில் போர்ட்டிக்சன் கடற்கரை என்பது அவர்கள் வகுத்த திட்டம். வேன் தூய்மையாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர், உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

லிங்கி சாலையில் என் தந்தை பால்மரம் சீவிய தோட்டங்களெல்லாம் இப்போது செம்பனையாகிவிட்டன. வழிகாட்டியாக வந்த இளைஞர், கற்களுக்குப் போகும் முன்பே நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. பெங்கலான் என்பது மலாய் மொழியில் படகுத்துறையைக் குறிக்கும். கெம்பாஸ் என்பது ஓங்கி வளரும் ஒரு காட்டுமரம். 19ஆம் நூற்றாண்டில் இன்றைய சிரம்பான் வட்டாரமான சுங்கை ஊஜோங்கின் ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகவே கடலுக்குப் போனது என்பதையும், அந்த ஆற்றில் வரி வசூலிக்கும் உரிமைக்காகத் தலைவர்கள் மோதிக்கொண்டதையும் அவர் விளக்கியபோது, இக்கற்கள் ஏன் ஆற்றுக்கு அருகில் நிற்கின்றன என்று என் பேரன் தானாகவே கேட்டான். நல்ல வழிகாட்டிக்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழகத்துக் கொடுமணலில் இருப்பதைப் போன்ற கல்வட்டத்தை எதிர்பார்த்துச் செல்பவர்கள் இங்கு அதைக் காணமாட்டார்கள். இங்குள்ளவை செங்குத்தாக நடப்பட்ட கருங்கற்கள். அவற்றுள் மூன்று, வடிவத்தை வைத்து வாள், சுக்கான், கரண்டி என்று மலாய் மொழியில் பெயர் பெற்றவை. வாள் எனப்படும் கல்லில் அல்லா என்னும் சொல் அரபு எழுத்தில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகிலேயே ஷேக் அகமது மஜ்னூன் என்பவரின் அடக்கத்தலம் உள்ளது. அங்கு நிற்கும் கல்வெட்டு ஹிஜ்ரி 872, அதாவது கி.பி. 1467 என்னும் ஆண்டைத் தாங்கியிருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலம் அது. அரபு எழுத்தும் பழைய ஜாவானிய எழுத்தும் அங்கே ஒரே தூணில் இடம்பெற்றிருக்கின்றன. பழைய வழக்கமும் புதிய சமயமும் ஒன்றையொன்று விரட்டாமல் சேர்ந்து நின்றதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எவான்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1920களில் இவற்றை ஆராய்ந்து எழுதினார்.

வட்டார மக்கள் இத்தகைய கற்களை ‘பத்து ஹிடுப்’, உயிருள்ள கல், என்று அழைக்கிறார்கள். அவை வளர்ந்துகொண்டே இருக்கின்றன என்பது நம்பிக்கை. இதைக் கேட்டதும் என் மனைவி கையைக் குவித்துவிட்டாள். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் முனியாண்டியாக நடப்பட்டிருந்த கல்லைப் பற்றி அவளுடைய பாட்டி இதையேதான் சொல்வார்: "நான் கப்பலேறி வந்தப்ப இடுப்பளவு, இப்ப பாரு நெஞ்சளவு." தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தபோது அந்தக் கல் எங்கே போனது என்று எங்களில் எவருக்கும் தெரியாது.

இந்த நெருக்கத்தை உணர்ந்ததால்தான் வழிகாட்டி அடுத்துச் சொன்ன ஒன்றை மறுக்க வேண்டியிருந்தது. இக்கற்களைச் சோழர்கள் நட்டார்கள் என்று அவர் உறுதியாகக் கூறினார். அதற்கு இங்கே எந்தச் சான்றும் இல்லை. கல்வெட்டில் ஒரு தமிழ் எழுத்தும் கிடையாது. இறந்தோருக்குக் கல் நடுவது பல இனங்களுக்கும் உரிய வழக்கம். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் முன்னோர் வந்த மேற்குச் சுமத்திராவிலும் மஹாத் பகுதியில் இத்தகைய நெடுங்கற்கள் நிறைய நிற்கின்றன. நமக்குத் தமிழகத்தின் புலிமான்கோம்பை நடுகற்கள் இருக்கின்றன. கொடுமணலின் ஈமக்கல்வட்டங்கள் இருக்கின்றன. அயலார் நட்ட கல்லைத் தமதென்று சொல்லிக்கொள்ள வேண்டிய வறுமை நமக்கு இல்லை. ஓய்வின்போது இதை அவரிடம் தனியாகச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டு, "சரிங்க ஐயா, இனிமே அப்படிச் சொல்லல" என்றார்.

இன்னொரு குறையும் உண்டு. அங்கே துளையுள்ள கல் ஒன்று இருக்கிறது; பொய் சொல்பவர் கையை நுழைத்தால் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகத் துளைக்குள் கையை நுழைக்கச் சொல்லிப் படம் எடுக்கவைத்தார்கள். கெராமாட், அதாவது புனிதத்தலம், என்று மக்கள் போற்றும் அடக்கத்தலத்தில், சில அடி தொலைவில் இருவர் கையேந்தித் துஆ ஓதிக்கொண்டிருக்கும்போது, அது ஒரு விளையாட்டுப் பொருளாக ஆகியிருக்கக் கூடாது. நம் குலதெய்வக் கோயிலில் வெளியார் அப்படி நடந்துகொண்டால் நாம் பொறுப்போமா?

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது நேரப் பங்கீடு. கற்களுக்கு நாற்பது நிமிடம், கடற்கரைக்கு மூன்று மணி நேரம். எழுத்துகளை நிதானமாகப் பார்க்கவும், ஒவ்வொரு கல்லையும் சுற்றி வரவும், பின்னால் உள்ள நிலத்தைப் பார்த்துச் சற்று நிற்கவும் குறைந்தது இரண்டு மணி நேரம் தேவை. போர்ட்டிக்சன் கடலை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். கடற்கரையை விட்டுவிட்டு, கோலப்பிலா சாலையிலுள்ள தெராச்சி கற்களையோ, மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்துக் கற்களையோ இணைத்தால், இதே கட்டணத்துக்கு மேல் இருபது வெள்ளி கொடுக்கவும் நான் தயங்கமாட்டேன்.

இச்சேவையை மறுபடியும் எடுப்பேன். பயணம் செய்ய எண்ணுவோர் முன்பதிவின்போதே கற்களுக்குக் கூடுதல் நேரம் கேளுங்கள். காலை ஏழரைக்குள் புறப்படச் சொல்லுங்கள், வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்பது முதியவர்களுக்குக் கடினம். தமிழில் அச்சிட்ட ஒரு பக்கக் குறிப்பும் கேளுங்கள். என்னிடம் அதை எழுதித் தரும்படி வழிகாட்டி கேட்டிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறேன்.