பிரச்சுவாப் கிரி கான்: ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும்

பத்து வயதைத் தாண்டாத இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய சைவ மாமியார், ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடும் கணவர். இப்படியொரு கூட்டத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு தாய்லாந்தில் எங்கே போகலாம் என்று கேட்டால், பிரச்சுவாப் கிரி கான் என்று தயங்காமல் சொல்வேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். பிடித்துக்கொண்ட அரை நட்சத்திரத்துக்குத் தெருநாய்களே பொறுப்பு.

எங்கள் ஊர்ப் பயண முகவர் ஒருவர் வழக்கமான பாங்காக், பட்டாயா திட்டத்தைத்தான் நீட்டினார். காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, இரவு ஒன்பதுக்கு ஓட்டல், நடுவில் ரத்தினக் கற்கள் விற்கும் கடைக்குக் கட்டாய வருகை. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ஆண்டு முழுவதும் மணியடிக்க மணியடிக்க வகுப்பு மாறுகிறேன். விடுமுறையிலும் மணிக்கணக்குப் பார்த்து ஓடுவதற்குப் பணம் கொடுக்க மனம் வரவில்லை. ஐந்து வயதுப் பையனை அப்படி இழுத்துக்கொண்டு அலைந்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் நிச்சயம். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நாளொன்றுக்கு ஒரு வேலை. மதியம் இரண்டு மணி நேரம் எல்லோரும் படுக்க வேண்டும். இந்த விதிக்குப் பொருந்திவரும் ஊர் எது என்றுதான் தேடினேன்.

பாங்காக்கிலிருந்து தெற்கே ரயிலில் சுமார் 300 கிலோமீட்டர். மாகாணத்தின் தலைநகர் என்று பெயர்தான் பெரிது. நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நேராக நடந்தால் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். மேற்கே மியான்மர் எல்லை மலைகள். தாய்லாந்து நாடே மிகக் குறுகிப்போகும் இடம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. கடலுக்கும் எல்லைக்கும் நடுவே வெறும் 11 கிலோமீட்டர் அளவே உள்ள இடமும் உண்டு. நீர்விளையாட்டுப் பூங்கா, பெரிய வணிக வளாகம், இரவு வெகுநேரம் வரை வெளிச்சம் எல்லாம் வேண்டுமென்றால் வடக்கே ஹுவா ஹின்னில் இறங்கிக்கொள்ளுங்கள். பிரச்சுவாப்பில் அவை இல்லை. பதின்வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்க வேண்டும். எங்கள் சின்னவன் கொண்டாடிய ஊரில் பதினைந்து வயதுக்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

பாங்காக்கிலிருந்து வேன் சீக்கிரம் போகும். இருந்தாலும் ரயிலே என் தேர்வு. பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, மாமியாருக்குக் கால் நீட்ட இடமுண்டு. தெற்கே போகும் விரைவு வண்டிகள் 2023 ஜனவரி முதல் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. குருங் தெப் அபிவாட் என்ற புதிய மாபெரும் நிலையத்துக்குப் போக வேண்டும். விமான நிலையம் போல அகன்று கிடக்கிறது; முதியவர்களோடு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுவது நல்லது. பகல் நேர ஏசி வண்டியில் நான்கரை முதல் ஐந்து மணி நேரப் பயணம். ஹுவா ஹின் தாண்டியதும் அன்னாசித் தோட்டங்கள் தொடங்குகின்றன. நாட்டிலேயே அதிகமாக அன்னாசி விளையும் மாகாணம் இது. என் மகள் அதுவரை அன்னாசி மரத்தில் காய்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். தரையோடு தரையாகப் புதர்களில் அது நிற்பதைக் கண்டதும் தம்பியை எழுப்பிக் காட்டினாள்.

தங்குமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரைச் சாலையை ஒட்டிய சிறிய விடுதிகள் நிறைய இருக்கின்றன. நாங்கள் இருந்த விடுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அறை சுத்தம், படுக்கை நன்று, 'கடல் தெரியும் அறை' என்று படத்தில் காட்டியது மட்டும் பால்கனியின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தால்தான் மெய்யாகும். குடும்பத்தோடு போகிறவர்கள் மாடியறையைத் தவிர்த்துக் கீழ்த்தளம் கேளுங்கள். இத்தகைய சின்ன விடுதிகளில் லிஃப்ட் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. அந்திப்பொழுதில் கடற்கரைச் சாலையில் நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. கடிக்க வரவில்லை, ஆனால் ஐந்து வயதுப் பையனின் முகமும் அவற்றின் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதால் அவன் முக்கால்வாசி நேரம் அப்பாவின் தோளிலேயே இருந்தான்.

ஊருக்கு எதிரே உள்ள விரிகுடா பார்க்க அழகு. சுண்ணாம்புக்கல் தீவுகளும் மீன்பிடிப் படகுகளுமாக ஓவியம் போலிருக்கும். குளிப்பதற்கு அது இல்லை. குளிக்கத் தெற்கே ஆவ் மனாவ் விரிகுடாவுக்குப் போக வேண்டும். அது தாய் விமானப்படையின் ஐந்தாவது படைப்பிரிவுத் தளத்துக்குள் இருக்கிறது. வாயிலில் பதிவு கேட்கலாம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். உள்ளே போகும் சாலை விமான ஓடுதளத்தைக் குறுக்காகக் கடக்கிறது. விமானம் வந்தால் வண்டிகள் எல்லாம் நிற்கும். நம்மூரில் ரயில்வே கேட்டில் நின்றே பழக்கப்பட்ட என் மகனுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் தாய்லாந்தில் வேறெதுவும் கிடைக்கவில்லை. 'அம்மா, இன்னொரு முறை திரும்பிப் போகலாமா?' என்று கடலைப் பார்க்கும் முன்பே கேட்டான்.

இந்தப் பயணத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி ஆவ் மனாவுக்கே. பிறை வடிவில் வளைந்த கரை, நீண்ட தூரம் வரை முழங்கால் ஆழம், இருபுறமும் குன்றுகள் மறைப்பதால் அடங்கிய அலை. சாய்வு நாற்காலியும் குடையும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. பின்னாலுள்ள உணவுக் கடைகளில் சொன்னால் நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ரப்பர் வளையம் வாடகைக்கு உண்டு, நல்ல தண்ணீரில் குளிக்கச் சிறு கட்டணம். வருகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள். அவர்கள் சட்டை, கால்சட்டையோடுதான் கடலில் இறங்குகிறார்கள். வெளிநாட்டுக் கடற்கரை என்றதும் 'நான் அறையிலேயே இருந்துவிடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த என் மாமியார், அங்கே ஒரு தாய்லாந்துப் பாட்டி முழுக்கைச் சட்டையோடு பேரனுடன் நீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கியவரை மதியச் சாப்பாட்டுக்குக் கரையேற்றப் பெரும்பாடு பட்டோம்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கரையேறிய இடங்களில் இதுவும் ஒன்று. தளத்தில் இருந்த தாய் வீரர்கள் மறுநாள் வரை எதிர்த்து நின்றார்கள். நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் உண்டு. கணவர் போய் வந்தார். பிள்ளைகளோடு நான் வெளியே நிழலில் நின்றுகொண்டேன்.

அதே தளத்தின் ஒரு முனையில் காவ் லோம் முவாக் குன்று. அடிவாரத்து மரங்களில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைதின்னிக் குரங்குகள் வாழ்கின்றன; நம் நீலகிரிக் கருமந்திகளின் சொந்தக்காரர்கள். பிறந்த குட்டி மட்டும் ஆரஞ்சு கலந்த பொன்னிறமாக இருக்கும், சில மாதங்களில் சாம்பல் நிறமாகிவிடும். மிகச் சாதுவானவை. பக்கத்திலேயே வேர்க்கடலை வாங்கி நீட்டுகிறார்கள். நான் வாங்க விடவில்லை. இலை தின்று செரிக்கும் வயிற்றுக்குக் கடலை எதற்கு? குன்றின் மேலே ஏறுவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகும் வேலை. குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஊருக்குள் இருக்கும் காவ் சொங் கிராசோக் குன்றின் குரங்குகள் வேறு இனம், வேறு குணம். 396 படி. உச்சியில் கோயில், மூன்று விரிகுடாக்களும் தெரியும் காட்சி. நீண்ட வால் குரங்குகள் கையிலிருக்கும் பையை உரிமையோடு வாங்கிக்கொள்ளும். பழனியில் குரங்குகளோடு பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகளும் கணவரும் வெறுங்கையோடு அதிகாலையில் ஏறி இறங்கினார்கள். சின்னவனையும் பெரியவரையும் அழைத்துப் போகாதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஊருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வா கோ. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் இங்கே தெரியும் என்று சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) அரசர் மோங்குத் தாமே கணக்கிட்டார். காட்டைத் திருத்திக் கூடாரம் அமைத்து, பிரெஞ்சு வானியலாளர்களையும் சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் ஹாரி ஆர்டையும் அழைத்து, ஆறரை நிமிடத்துக்கும் மேலாக நீடித்த இருளைக் காட்டினார். அங்கே பற்றிய மலேரியாவால் அக்டோபர் 1 அன்று இறந்தும் போனார். அதே நாளில் அதே நிழல் இங்கே வருமுன் கடந்து வந்தது நம் கிழக்குக் கரையை. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரிய ஒளியின் நிறமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அன்றைய நிறமாலைகளில் தெரிந்த மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்றது. ஆண்டுதோறும் கரும்பலகையில் இந்தக் கதையைக் குண்டூரோடு முடித்துவிடும் எனக்கு, நிழல் போய்ச் சேர்ந்த ஊரில் நிற்பது தனி மகிழ்ச்சி. மகளிடம் உற்சாகமாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மீன் எங்கே அம்மா?' என்றாள்.

மீனும் உண்டு. அரசரின் பெயரால் அமைந்த அறிவியல் பூங்காவில் மீன் காட்சியகம் ஒன்று இருக்கிறது. தலைக்கு மேல் திருக்கை நீந்தும் கண்ணாடிச் சுரங்கப் பாதையும் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் சேர்ந்தால் ஒரு காலைப் பொழுது போய்விடும். பாங்காக்கின் வணிக வளாகக் காட்சியகங்களின் பளபளப்பு இங்கே இல்லை. அங்கே தள்ளுமுள்ளுவில் நிற்பதைவிட இங்கே என் மகன் ஒரே தொட்டியின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்தது. போக வர வண்டியைப் பேசிக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். திரும்ப வண்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது.

சாப்பாடு. அசைவம் உண்பவர்களுக்கு இது சொர்க்கம். நண்டு வறுத்த சோறு, சுட்ட மீன், ஒரு நாள் வெயிலில் காயவைத்துப் பொரித்த கணவாய். கணவரும் பிள்ளைகளும் கணவாயை விடவில்லை. குழந்தைகளுக்கு 'மாய் பெட்' என்று சொல்லிவிட்டால் காரம் போடமாட்டார்கள். சைவம்தான் சிக்கல். காய்கறி மட்டும் என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ அதில் இருக்கும். 'ஜே' என்று சொல்ல வேண்டும். மீன், முட்டை, பால் எதுவுமின்றி, வெங்காயம் பூண்டுகூட இல்லாமல் சமைப்பது அது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து எழுதிய சின்னக் கொடி தொங்கும் கடைகளைத் தேடுங்கள். வெங்காயம் பூண்டு இல்லை என்று கேட்டதும் மாமியாருக்கு அந்த நாட்டின் மீதே மரியாதை வந்துவிட்டது. இருந்தாலும் சிறிய ஊரில் தினமும் மூன்று வேளைக்கு இதை நம்ப முடியாது. சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்துப் போனோம். தயிர் வாங்கும்போது இனிப்பு சேர்க்காததா என்று பார்த்து எடுங்கள்; பாதிக்கு மேல் சர்க்கரை போட்டவை.

வார இறுதி மாலைகளில் கடற்கரைச் சாலையில் சந்தை கூடுகிறது. அங்கே பணியாரக் கல்லைப் போன்ற குழிச்சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுடும் கனோம் குரோக் கிடைக்கும். மேலே சோளம் தூவியதைக் கேட்டு வாங்கினால் சைவர்களும் சாப்பிடலாம். சூடாக வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள், உள்ளே பால் கொதித்துக்கொண்டிருக்கும்.

தெம்பு மிச்சமிருந்தால் குய் புரி தேசியப் பூங்கா. பிற்பகலில் பூங்காவின் திறந்த வண்டியில் வழிகாட்டியோடு போனால் காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் தொலைவிலிருந்து பார்க்கலாம். சங்கிலி இல்லாத, சவாரி இல்லாத யானை. பிரயா நாகோன் குகை மண்டபத்தைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அங்கே செங்குத்தான ஏற்றம் இருப்பதை மறக்க வேண்டாம். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

எப்போது போவது? நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் இந்தக் கரையையும் நனைக்கிறது. அக்டோபர், நவம்பர் வேண்டாம். பொங்கலையொட்டிய வாரங்கள் அருமை: மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மே விடுமுறையில் வெயில் நம்மூரைப் போலவே சுடும்.

2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைகிற வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்யலாம். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தாய்லாந்து நாணயத்தில் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே சில்லறை சில்லறையாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். திரும்பும் ரயிலுக்கு டிக்கெட்டைப் போகும்போதே வாங்கிவிடுங்கள். வார இறுதி முடிந்து பாங்காக் திரும்பும் கூட்டத்தில், பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார நான்கைந்து இருக்கைகள் ஒன்றாகக் கிடைப்பது கடினம்.