கடலோரத்தில் பஞ்ச் ஹோல் டிஸ்ப்ளே: மூன்று ரகமும் ஓட்டையைச் சுற்றிய கறுப்பு வளையமும்

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் செல்போன் கடைகளில் பஞ்ச் ஹோல் போனுக்கு (திரையிலேயே செல்ஃபி கேமராவுக்கு ஓட்டை வைத்த போன்) டிஸ்ப்ளே மாற்றக் கேட்டால் மூன்று ரகம் எடுத்துப் போடுவார்கள்: கம்பெனியே தரும் அசல் திரையான சர்வீஸ் பேக், வெளியார் செய்யும் காப்பி ஓலெட் (பிக்சல் தானே ஒளிரும் திரை), பின்னொளியில் எரியும் இன்செல் எல்சிடி. விலை பேசுவார்கள், வாரண்டி பேசுவார்கள். கேமரா ஓட்டையைப் பற்றிப் பேச்சே வராது. உப்புக்காற்றில் புழங்கும் போனுக்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

திரைக்குள் இரண்டு வகைத் தடங்கள் ஓடுகின்றன. எந்த வரிசை விழிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கேன் லைன் குறுக்கே போகும். எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் டேட்டா லைன் கீழேயிருக்கும், திரையை இயக்கும் சிப்பான டிரைவர் ஐசியிலிருந்து மேலே ஏறும். வழியில் ஓட்டை வந்தால் தடங்கள் அதைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். நாம் பார்க்கும் கறுப்பு வளையம் அலங்காரமல்ல, அத்தனை தடங்களும் நெருக்கியடித்துப் போகும் சந்து. எல்லாத் தடத்தையும் ஒரே அடுக்கில் போட்டால் சந்து அகலும். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு அடுக்கில் போட்டால் ஒடுங்கும்.

அதே சந்துக்குள் ஈரத்தைத் தடுக்கும் அணையும் இருக்க வேண்டும். ஓலெட்டில் ஒளிரும் பொருளுக்கு ஈரம் ஆகாது. லேசரால் வெட்டிய விளிம்பில் அந்த அடுக்கு அப்படியே திறந்து கிடந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை உள்ளே இழுக்கும். அதனால் விளிம்பைச் சுற்றி நுண்ணிய பள்ளம் வைத்து அடுக்கைத் துண்டித்து, அதன்மேல் மூடுகிறார்கள். 2018 டிசம்பரில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ8எஸ் எல்சிடியில் இந்தத் தொல்லை இல்லை. 2019-ல் எஸ்10 வரிசையில் ஓலெட்டையே துளைத்தபோது இது பெரிய வேலையாகிவிட்டது.

சர்வீஸ் பேக்தான் எங்கள் முதல் தேர்வு. வளையம் மெல்லியது, அணை நம்பகமானது. ஃபிரேமோடு வந்தால் இன்னும் நல்லது. ஒட்டும் வேலை குறையும், ஓட்டையும் கேமராவும் ஒரே மையத்தில் நிற்கும்.

காப்பி ஓலெட்டில் ஹார்டு, சாஃப்ட் என்று இரண்டு உண்டு. ஹார்டு என்றால் அடித்தளம் கண்ணாடி, சாஃப்ட் என்றால் வளையும் பிளாஸ்டிக். பொருத்தும்போது ஓட்டைக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் விளிம்பில் மயிரிழை விரிசல் விழும், அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஓட்டையிலிருந்து மைக்கறை மாதிரி கறுப்பு பரவும். மண்டபம், பாம்பன் பக்கம் அந்த ஒரு விரிசல் போதும். பழைய ரயில் பாலத்து இரும்பையே தின்ற காற்று அது. பணம் இடிக்கிறதென்றால் சாஃப்ட் வாங்கலாம், ஹார்டு வேண்டாம்.

இன்செல் எல்சிடி விலை குறைவு, ஈரத்துக்கும் ஓலெட் அளவுக்குப் பயப்படாது. கடலுக்குப் போகிறவர் பேசவும் வாட்ஸப் பார்க்கவும் மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் வளையம் தடிமன். பின்னொளி ஓட்டைக்குள் கசிந்தால் செல்ஃபி பனிமூட்டம் போட்டதுபோல வரும். திரைக்குள் ஒளியால் கைரேகை படிக்கும் போனில் அந்தக் கைரேகை வசதி வேலை செய்யவே செய்யாது, இதைக் கடையில் முன்கூட்டியே சொல்வது அபூர்வம். தடிமன் கூடுவதால் ஃபிரேமில் சரியாக உட்காராமல் ஓரம் தூக்கும், அந்த இடுக்கில் மணலும் ஈரமும் புகும்.

எதை வாங்கினாலும் ஒட்டுவதற்கு முன் ஃபிளெக்ஸை (திரையைப் போர்டோடு இணைக்கும் பட்டை வயர்) மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்சங்கில் *#0*# அடித்தால் சிவப்பு, பச்சை, நீலத் திரைகள் வரும். மற்றதில் கேலரியில் ஒற்றை நிறப் படம் திறந்தால் போதும். சாம்பல் நிறத்தை வைத்து வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, ஓட்டைக்கு இடமும் வலமும் உள்ள வரிசைகளைப் பாருங்கள். அங்கே பிக்சல் குறைவு, தடத்தின் நீளமும் வேறு, அதனால் மின்சுமை மாறும். அதை ஈடுகட்டாத மலிவுத் திரையில் மங்கலான பட்டை ஒன்று குறுக்கே தெரியும்.

கோடு விழுந்த திரையில் குற்றம் எங்கே என்பதையும் ஓட்டையே சொல்லிவிடும். டேட்டா லைன் ஓட்டை விளிம்பில் அறுந்திருந்தால் ஓட்டைக்கு மேலே உள்ள சின்னத் துண்டு மட்டும் கெடும், கீழ்ப்பகுதி நன்றாகவே எரியும். உச்சி முதல் அடிவரை ஒரே பச்சைக்கோடு என்றால் ஓட்டையில் தேடாதீர்கள், கீழே ஐசி இணைப்புப் பக்கம் பாருங்கள். ஸ்கேன் லைன் இரண்டு ஓரத்திலிருந்தும் இயக்கப்படும் திரைகளில் விளிம்பில் ஒன்று அறுந்தாலும் வெளியே தெரியாது, இரண்டு பக்கமும் தனித்தனியே ஓடும்.

பொருத்தும்போது பழைய கேமராவைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையத்தைக் கட்டாயம் எடுத்து வைக்க வேண்டும். அவசரத்தில் பழைய டிஸ்ப்ளேயோடு குப்பைக்குப் போவது அதுதான். ஓட்டைப் பக்கம் பசை சொட்டினால் லென்ஸ் போச்சு, ஆகவே பசை ஃபிரேம் ஓரத்தில் மட்டும். பி-7000 பசை சில நிமிடத்தில் பிடித்துக்கொண்டாலும் முழுக்க இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஒட்டியதும் அழுத்திப் பிடிக்கப் போட்ட ரப்பர் பேண்டைக் கழற்றிய கையோடு போனைப் படகுக்கு எடுத்துப் போகாதீர்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு செல்ஃபி எடுங்கள். மூலையில் கறுப்புப் பிறை விழுந்தால் ஓட்டை மையம் விலகியிருக்கிறது, பசை காய்வதற்குள் திருப்பிக் கொடுங்கள்.